சேத்தூரில் நாற்பது நிமிடம்

திருடன் யார் என்று நான் சொல்லி முடித்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. சொன்ன பிறகு ஒரு பொம்பளைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அது நடந்து இன்றோடு இருபத்தெட்டு நாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை. நான் சொன்னது சரியாகத்தானே இருந்தது?

என் பெயர் உக்கிரபாண்டி. ராஜபாளையத்தில் நாற்பது வருசம் லாரி பிரேக் வேலை பார்த்தவன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டவில்லை. கண்ணில் புரை விழுந்ததும் பட்டறையை மூடிவிட்டு, லாரி முதலாளிகளுக்குக் களவு கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். டீசல் களவு, டயர் களவு, பாதி வழியில் பஞ்சுப் பொதி காணாமல் போவது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம். எவனையும் நம்பாமல் இருந்தால் போதும். அது எனக்குச் சுளுவாக வரும்.

என்னை ஸ்கூட்டரில் வைத்து ஓட்டுகிறவள் பிரிஸ்கில்லா. என் பழைய கூட்டாளியின் மகள். நாற்பத்திரண்டு வயசு. டயர் கடையில் பில் போட்டவள், அதனால் எழுத்து வேலை எல்லாம் அவள்தான். வாய் வேலையும் அவள்தான்.

இன்று காலை பத்து மணிக்கு ராஜரத்தினத்தின் லாரி ஷெட்டில் நின்றோம். போலீஸ் பிடித்து வைத்துத் திருப்பி விட்ட டிரெய்லர், வடக்குப் பார்த்து நின்றது.

"அண்ணாச்சி, இன்ஸ்பெக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு" என்றார் ராஜரத்தினம். "சீனிச்சாமி டயரை யாருக்கு வித்தான்னு ஒரு பேரு கிடைச்சாப் போதும், இன்னைக்கே உள்ள வச்சிருதேன்னு சொல்லுதாரு."

சீனிச்சாமி இந்த டிரெய்லரின் டிரைவர். சேத்தூர்க்காரன். சங்கதி இதுதான். ஆடியில் வாங்கின புது டிரெய்லர். ஆவணியில் ஒரு டயர் வெடித்தது. புது டயர் போட்டார்கள். மார்கழியில் வெடித்தது. மறுபடியும் புது டயர். தையில் வெடித்தது. தையில் வெடித்தபோது பிய்ந்து பறந்த ரப்பர், வன்னியம்பட்டி விலக்கில் டீக்கடை வைத்திருந்த அங்காளம்மாளின் தோளில் விழுந்தது.

புது டயர் இப்படி வெடிக்காது. ஆகவே அது புது டயர் இல்லை. புதுசைக் கழற்றி விற்றுவிட்டு, எங்கோ கிடந்த பழசை மாட்டியிருக்கிறான். இது மார்கழியில் நான் சொன்னது. ஆதாரமும் கொடுத்தேன். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். தாளில், சேத்தூரில் சீனிச்சாமியின் வீட்டுக்கு முன்னால் மூன்று தடவை வண்டி நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம். இனிமேல் சேத்தூரில் நிறுத்தக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு போடச் சொன்னதும் நான்தான்.

பிரிஸ்கில்லா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதலாளி, மூணு டயரும் எந்த இடத்துல உள்ளது?"

"ஒரே இடம்தான். கடைசி அச்சு, இடது பக்கம்."

"எம்புட்டு டயர் கெடக்கு இந்த வண்டியில! அம்புட்டையும் விட்டுட்டு அதே டயரைத்தான் கழட்டுவானா? வேண்டுதல் ஏதும் இருக்கோ?"

"ஏட்டி, வாயை மூடு" என்றேன்.

"மார்கழியில வெடிச்சப்ப அவன் லீவுல இருந்தான், தங்கச்சாமிதான் ஓட்டுனாருன்னு இதுல போட்டிருக்கு."

"லீவுக்குப் போறதுக்கு முந்தியே மாத்திட்டுப் போயிருக்கான்."

"சரியாப் போச்சு. இருந்தாலும் அவன்தான், இல்லாட்டியும் அவன்தான்."

ராஜரத்தினம் எனக்குத் துணைக்கு வந்தார். "பயங்கரக் கள்ளன்மா அவன். நாயைக்கூடப் பழக்கி வச்சிருக்கான். மார்கழியில வண்டி வெடிச்சுத் திரும்பி வந்துச்சு பாரு, அன்னைக்கு ராத்திரி எங்க வெள்ளையன் அந்தச் சக்கரத்தை ஒட்டித்தான் படுத்துக் கெடந்தான். பிஸ்கெட்டைப் போட்டு அங்கயே படுக்கப் பழக்கியிருக்கான். களவு போகும்போது குரைக்கக் கூடாதுல்லா?"

வெள்ளையன் ஆபீஸ் வாசலில் படுத்திருந்தது. தன் பேரைக் கேட்டதும் ஒரு காதை மட்டும் தூக்கியது. பிரிஸ்கில்லா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு அந்தப் பக்கமே போகலியே?"

நான் ஸ்கூட்டரைப் பார்க்க நடந்தேன்.

கிளம்பும்போது ராஜரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு மணிக்கு அமாவாசை பூஜை, மறந்துராதீங்க. உங்க கை படாம இந்த வண்டியை மறுபடி ரோட்டுல இறக்க மாட்டேன்."

அது இந்த ஷெட்டில் இருபது வருசப் பழக்கம். அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கெல்லாம் சந்தனம் வைத்த பிறகு, நான் ஸ்பேனரை எடுத்துக் கன்னி மூலைச் சக்கரத்து பிரேக்கை அரைச் சுற்று இறுக்குவேன். லைனிங் தேயத் தேய பிரேக் தளரும். மாசம் அரைச் சுற்று கணக்கு. எனக்குக் கைராசி என்பார்கள். என் கை பட்ட வண்டி பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு டிரைவர் வந்து நின்றதில்லை.

ஸ்கூட்டர் ரோட்டில் ஏறியதும், சேத்தூர் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"எங்க போறே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. அடிபட்ட பொம்பளையை இதுவரைக்கும் நாம போய்ப் பாக்கல அண்ணாச்சி. டயரைப் பார்த்தோம், தாளைப் பார்த்தோம், நாயைக்கூடப் பார்த்தாச்சு."

எனக்கு அங்கே போக மனசில்லை. அதைச் சொல்லவும் மனசில்லை.

வழியில் அவள் கால் கிலோ பால்கோவா வாங்கினாள். வார்டுக்குள் போன பிறகுதான் அங்காளம்மாளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அதனால்தான் பிளேட் வைத்த புண் இன்னும் ஆறவில்லையாம். பால்கோவா பையைப் பிரிஸ்கில்லா முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?" என்றாள் அங்காளம்மாள். இடது தோள் முழுக்கக் கட்டு.

"வண்டிக்காரங்க பக்கத்து ஆளுக" என்றாள் பிரிஸ்கில்லா.

"டிரைவர் தம்பி அனுப்புச்சா? அந்தப் பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து எட்டிப் பாக்கு. வேற ஒரு நாதி வரல."

நான் சன்னலைப் பார்த்தேன். கள்ளன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறான்? கேஸைக் கலைக்க வருவான். அப்படித்தான் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வாய் கசந்தது.

"ஆச்சி, வெடிக்கதுக்கு முன்னால ஏதும் பார்த்தீகளா?"

"பாக்கல தாயி. வாடை வந்துச்சு. நான் அடுப்புல சட்டியை வச்சு மறந்துட்டேனோன்னு வெடுக்குன்னு திரும்பினேன். திரும்பின செகண்டுல டமார்னு கேட்டுச்சு. திரும்பலேன்னா தலையில விழுந்திருக்கும்."

"ரப்பர் தீஞ்ச வாடையா?" என்று நான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "முப்பது வருசம் அடுப்பு முன்னால நின்னவகிட்ட வாடையைப் பத்திக் கேக்கீகளே. ரப்பர் வாடை வெடிச்ச பொறவு வந்துச்சு. முதல்ல வந்தது காஞ்ச இரும்புச் சட்டி தீயுத வாடை. பால் இல்ல, எண்ணெய் இல்ல. வெறும் இரும்பு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் பிரிஸ்கில்லா கேட்டாள். "என்ன அண்ணாச்சி, பேயைப் பார்த்த மாதிரி இருக்கீக?"

"டயர் பழசு இல்லட்டி. பிரேக் விடல."

"விடலன்னா?"

"பிரேக்கை விட்ட பொறவும் உள்ள இருக்க பிரேக் ஷூ சக்கரத்து டிரம்மைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, டிரம் சட்டி மாதிரி காயும். அந்தச் சூடு ரிம்முக்கு ஏறும், ரிம்முல இருந்து டயருக்கு ஏறும். புது டயரா இருந்தாலும் வெடிக்கும். முதல்ல இரும்பு வாடை, பொறவு ரப்பர் வாடை. அந்தம்மா சொன்ன வரிசைதான்."

"அப்போ வெள்ளையன்!" அவள் கையைத் தட்டினாள். "மார்கழிக் குளிருக்கு அது கணப்பைத் தேடிப் போய்ப் படுத்திருக்கு. பிஸ்கெட்டும் இல்ல, பழக்கமும் இல்ல. உங்க ரெண்டு பேரையும் விட நாய்க்கு விவரம் கூட."

நான் அதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். "சேத்தூருல நாப்பது நிமிசம் டயரைக் கழட்டலட்டி. பிரேக்கை இறுக்கியிருக்கான். முதலாளி மேல ஏதோ காண்டு. வண்டியைக் கெடுக்கான்."

"நேத்து வரைக்கும் டயரை வித்தான். இன்னைக்கு பிரேக்கை இறுக்குதான். மழை பெய்யலன்னா அதுக்கும் அவன் வீட்டுக்குத்தான் போவீக போல."

சேத்தூருக்கு நாங்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. சீனிச்சாமியின் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. மில்லில் நூல் பாரம் ஏற்றிக்கொண்டு திரும்புகிற வண்டி அந்த வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். வாசலில் அவன் பெண்சாதி ஈஸ்வரி நின்றாள்.

"வாங்க. போலீஸு வரும்னு பார்த்தோம், நீங்க வாரீக. ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளே கட்டிலில் ஒரு பை இருந்தது. ரெண்டு கைலி, ரெண்டு சட்டை, ஒரு சோப்பு. எல்லாம் மடித்து வைத்திருந்தது. ஜெயிலுக்குப் போக ஒருவன் இவ்வளவு ஒழுங்காகத் தயாராகி நான் பார்த்ததில்லை. பத்து வயது மகள் அந்தப் பையைப் பார்க்காமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் நேரே ரோட்டோரம் போனேன். வண்டி நிற்கிற இடம். மண்ணில் ஒரு ஆள் நீளத்துக்கு அழுத்தமாகப் பள்ளம் விழுந்திருந்தது. கிரீஸ் கறை. ஒரு சாக்கு மடித்துக் கிடந்தது. டயர் கழற்றுகிறவன் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பான். படுத்து வேலை பார்க்கிறவன் அடியில் நுழைகிறவன்.

"ஏலே சீனி" என்று கத்தினேன். "பிரேக்கை இறுக்குனது நீதானடா?"

அவன் வாசல்படியில் நின்றான். ஐம்பது வயசு. ஒன்றரை மாதத்தில் பத்து வயசு கூடியிருந்தது.

"இறுக்கல அண்ணாச்சி. தளத்தினேன்."

"என்னது?"

"இறுகிக் கெடந்ததைத் தளத்தினேன். அரைச் சுத்து. ஈசியா வராது அது, கரகரன்னு கத்தும். நாப்பது நிமிசம் ஆகும்."

பிரிஸ்கில்லா வீட்டுக்குள்ளிருந்து சுவரில் மாட்டியிருந்த போன வருசக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "இதுல மாசம் ஒரு தேதிக்கு வட்டம் போட்டிருக்கே, இது என்ன?"

"வண்டி இறுகி வார நாளு. மறந்துரக் கூடாதுன்னு போட்டு வச்சேன்."

அவள் ஜி.பி.எஸ். தாளைக் காலண்டர் பக்கத்தில் வைத்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. இந்த மூணு வட்டத்தன்னைக்கும் சேத்தூருல நின்னிருக்கு, வெடிக்கல. ஆவணியில உங்களுக்கு விவரம் தெரியாது, வெடிச்சிருக்கு. மார்கழியில நீங்க லீவு, வெடிச்சிருக்கு. தையில..."

"தையில நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு" என்றான் சீனிச்சாமி. "மெதுவா ஓட்டிப் பார்த்தேன். விலக்கு வரைக்கும்தான் தாங்குச்சு."

"எல்லா வட்டமும் அமாவாசைக்கு மறுநாளு" என்றாள் பிரிஸ்கில்லா. சொல்லிக்கொண்டே வந்தவள் வேகம் குறைந்தாள். "அப்படின்னா அமாவாசையன்னைக்கு வண்டியில கை வைக்கது..."

நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பேச்சு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீனிச்சாமி தரையைப் பார்த்தான். ஈஸ்வரி ரோட்டைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்க்காமல் நின்றார்கள்.

வடக்குப் பார்த்து நிற்கிற வண்டிக்குக் கன்னி மூலை, அதாவது தென்மேற்கு மூலை, இடது பக்கத்துக் கடைசிச் சக்கரம்.

"லைனிங் தேஞ்சா இறுக்கத்தானே செய்யணும்" என்றேன்.

"பழைய வண்டிக்கு அது சரி அண்ணாச்சி. இந்த டிரெய்லர்ல இருக்கது தானா இறுகிக்கிடுத அட்ஜஸ்டர். அதுவே வேணும்கிற அளவுக்கு இறுகியிருக்கும். அதுக்கு மேல நீங்க அரைச் சுத்து வச்சா, ஷூ விடாது. கையால திருப்பக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் இங்கிலீசுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்."

எனக்கு அந்த ஸ்டிக்கர் ஞாபகம் இருந்தது. மஞ்சள் கலர். என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாது என்று தெரிந்துபோகும். தட்டையாக, வழவழப்பாக இருந்தது. சந்தனத்தை அதன் மேல்தான் பூசினேன்.

"ஏன் சொல்லல?"

"முதலாளிட்ட சொன்னேன். அண்ணாச்சி நாப்பது வருசமா பிரேக் பாக்காரு, நீ ஸ்டியரிங்கைப் பிடின்னாரு. மார்கழியில உங்ககிட்டயே சொல்ல வந்தேன். வாயைத் திறக்கதுக்கு முன்னால, டிரைவர் சொல்லுத கதையைக் கேக்க நான் வரலன்னு சொல்லிட்டீக." அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?"

நம்பியிருக்க மாட்டேன். எவனையும் நம்பாமல் இருப்பதுதானே என் தொழில். என் கையைத் தவிர.

"நீ ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனே?"

"மெதுவா ஓட்டினா தாங்கும்னு நினைச்சு ஓட்டுனது நான்தானே. நிறுத்தியிருக்கணும். வேலை போனாலும் பரவாயில்லன்னு நிறுத்தியிருக்கணும்."

அவனுக்கும் சோறு இறங்கியிருக்காது போல.

"கிளம்புலே" என்றேன். "பையை எடுக்க வேண்டாம்."

ஷெட்டில் ஐந்து மணிக்குச் சாம்பிராணிப் புகை. பூசணிக்காயில் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். நான்கு டிரைவர்கள், ரெண்டு கிளீனர்கள், ராஜரத்தினத்தின் வீட்டார் எல்லாரும் நின்றார்கள். என் பின்னால் சீனிச்சாமியைப் பார்த்ததும் ராஜரத்தினத்தின் முகம் கறுத்தது.

"இவனை எதுக்கு உள்ள விட்டீங்க?"

"பூஜை முடியட்டும்" என்றேன். "தங்கச்சாமி, இன்ஜினைப் போட்டு பிரேக்குக்குக் காத்து ஏத்து. பிரேக்கை விடு. அந்தக் கடைசிச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கு."

சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பிரிஸ்கில்லா ஒரு கையால் தள்ளினாள். சக்கரம் சுற்றியது. போன தடவை இறுக்கினது லைனிங் தீய்ந்து தேய்ந்து தானாக விட்டுப்போயிருந்தது. டிரம்மில் போன அமாவாசைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தது. மற்ற சக்கரங்களில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. இதில் கரியாகிக் கிடந்தது. இத்தனை நாளும் இத்தனை பேர் டயரைத்தான் குனிந்து பார்த்தோம்.

ராஜரத்தினம் தாம்பாளத்தில் ஸ்பேனரை நீட்டினார். சந்தனம் பூசி, கழுத்தில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் என் கைக்கு இடம் தெரியும். அரைச் சுற்று வைத்தேன். இருபது வருசமாக வைக்கிற அதே அரைச் சுற்று. எழுந்து வெளியே வந்தேன்.

"தள்ளுட்டி."

பிரிஸ்கில்லா தள்ளினாள். நகரவில்லை. தங்கச்சாமி வந்து தோள் கொடுத்தான். நகரவில்லை.

"பிரேக் விட்டுத்தான் இருக்கு" என்றேன். "காத்து ஏறியிருக்கு. ஆனாலும் சுத்தல. இப்படியே நாளைக்கு வன்னியம்பட்டி வரைக்கும் ஓட்டுங்க, இன்னொரு புது டயர் வெடிக்கும். இதுக்குப் பேருதான் என் கைராசி."

ராஜரத்தினம் மெல்லச் சொன்னார். "விடுங்க அண்ணாச்சி. தெரியாம நடந்தது. டிரைவர் மேல கம்ப்ளெயிண்ட் வேண்டாம்னு இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிருதேன். டயர் சரியில்லன்னு முடிச்சுக்கிடலாம். உங்க பேரு எதுக்கு வெளிய வரணும்?"

நல்ல வழிதான். ஒரு செகண்டு எனக்கும் ஆசையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அந்தக் கட்டுப்போட்ட தோள் ஞாபகம் வந்தது. டயர் என்று முடித்தால், டயர் மாட்டினவன் பேர் அதில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

"இன்ஸ்பெக்டருக்கு எழுதி வச்ச கம்ப்ளெயிண்ட் தாளை எடுங்க முதலாளி. பிரிஸ்கில்லா, சீனிச்சாமி பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது. ஸ்டிக்கரைச் சந்தனம் பூசி மறைச்சதையும் எழுது. சேத்தூருல நிறுத்தக் கூடாதுன்னு சொன்னதையும் எழுது. படிக்கத் தெரியாததையும் எழுது."

அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். மணி ஐந்தே முக்கால்.

ஸ்பேனரில் இருந்த மல்லிகையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதைச் சீனிச்சாமியிடம் நீட்டினேன். "இனிமே இந்த வண்டியில கை வைக்கதா இருந்தா நீதான் வைக்கணும். வாங்கிக்கோ."

அவன் கையை நீட்டவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றான். "ஸ்டேஷன்ல கேப்பாங்க."